கல்லில் ‘ஹென்ரி’ என்று மட்டும் கையெழுத்திட்டவர்

கேள்வி இதுதான். ஏலப் பட்டியல் ஒன்றில் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஒரு கல் தலையைப் பார்த்திருக்கிறீர்கள். கண்ணுக்கு இரண்டு வட்டம், மூக்குக்கு ஒரு கோடு, ஓரத்தில் ‘ஹென்ரி’ என்ற பெயர். இந்த மனிதர் யார், எதைப் பார்த்து இப்படிச் செதுக்கினார், கல்லுக்குள் இருக்கும் ஆவிதான் சிற்பிக்கு உருவத்தைக் காட்டிக் கொடுக்கிறது என்று கீழே எழுதியிருந்ததே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் முழுப் பெயர் ஹென்ரி முன்யாராட்ஸி. 1931இல் பிறந்தார், 1998இல் இறந்தார். ஊர் குருவே; இன்றைய ஜிம்பாப்வேயின் வடக்கே, நிலம் ஸாம்பேசி பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் பகுதி. பள்ளிக்கூடம் போனதில்லை. சிறுவனாக மாடு மேய்த்தார், நாய்களோடு வேட்டைக்குப் போனார். வளர்ந்த பிறகு கொல்லுப் பட்டறை வேலை, தச்சு வேலை, கடைசியாகப் புகையிலைத் தோட்டத்தில் இலை தரம் பிரிக்கும் வேலை. முப்பத்தைந்து வயது தாண்டும்வரை அவர் ஒரு சிற்பம்கூடச் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், ஏதோ தலைமுறை தலைமுறையாகக் கல் செதுக்கி வந்த குலத்தின் கடைசிக் கொழுந்து என்பதுபோல எழுதுகிறார்கள். அப்படி ஒரு குலமே அங்கே கிடையாது.

கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய கல் நகரத்தின் இடிபாடுகளில் மாக்கல்லில் செதுக்கிய பறவைகள் கிடைத்தன. நம் ஊரில் கல்சட்டி செய்கிற அதே மாதிரி மெதுவான கல். அவற்றில் ஒன்றுதான் இன்று நாட்டின் கொடியில் இருக்கிறது. அந்த நகரம் 15ஆம் நூற்றாண்டோடு கைவிடப்பட்டது. அதற்கும் 1950களுக்கும் இடையில் அங்கே வாழும் ஷோனா மக்களிடம் தொடர்ச்சியான கல் சிற்ப மரபு ஒன்று இருந்ததாகச் சான்று இல்லை. மரத்தில் தலையணைப் பலகை செய்தார்கள், கைத்தடி செதுக்கினார்கள். பெண்கள் பானை வனைந்தார்கள். இரும்பு உருக்கி ஆயுதம் அடித்தார்கள். ஆக, ஹென்ரிக்குப் பரம்பரைச் சொத்து என்று ஏதாவது இருந்தால் அது சுத்தியல்தான், உளி இல்லை.

அப்படியானால் கல் எப்படி வந்தது? இதற்கு இரண்டு கதைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் கதை தலைநகரில். அப்போது நாட்டுக்குப் பெயர் தெற்கு ரொடீசியா, தலைநகருக்கு சாலிஸ்பரி. 1957இல் அங்கே ஒரு தேசியக் கலைக்கூடம் திறந்தார்கள். அதன் முதல் இயக்குநர் பிராங்க் மெக்யூவன் என்ற ஆங்கிலேயர். பாரிஸில் பல வருடம் இருந்தவர், ஓவியர் பிக்காசோ, சிற்பி பிரான்குஸி போன்றவர்களோடு பழக்கம் உள்ளவர். ஐரோப்பிய ஓவியங்களைக் கொண்டுவந்து வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குக் காட்டுவதற்காகத்தான் அவரை அழைத்தார்கள். அவரோ கலைக்கூடத்தின் ஊழியர்களிடம் வண்ணத்தையும் தூரிகையையும் கொடுத்து வரையச் சொன்னார். அதே காலத்தில் கிழக்கு மலைப்பகுதியான நியாங்காவில் ஜோரம் மரிகா என்ற வேளாண் துறை ஊழியர் மெதுவான பச்சைக் கல்லில் சின்னச் சின்னச் சாமான்கள் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வேலை மெக்யூவன் கண்ணில் பட்டது. மரிகா தன் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கற்றுக் கொடுத்தார்; அவருடைய உறவுக்காரர் ஜான் தகவிரா பிற்பாடு பெரிய சிற்பி ஆனார். நவீன ஜிம்பாப்வே சிற்பத்துக்குத் தந்தை யார் என்று கேட்டால் அந்த நாட்டில் மரிகா பெயரைத்தான் சொல்வார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் மெக்யூவன் பெயர் முன்னால் வரும். இந்த வரிசையை வைத்தே யார் எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது கதைதான் ஹென்ரியோடு நேரடியாகத் தொடர்புள்ளது. குருவேக்குப் பக்கத்தில் டெங்கெனெங்கே என்ற இடம், தலைநகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கே டாம் பிளோம்ஃபீல்ட் என்ற வெள்ளைக்காரருக்குப் புகையிலைப் பண்ணை. 1965 நவம்பரில் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு, கறுப்பினப் பெரும்பான்மைக்கு ஆட்சியைக் கொடுக்க மனமில்லாமல், பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. உடனே பொருளாதாரத் தடை. ரொடீசியாவின் முக்கிய ஏற்றுமதியே புகையிலை. விற்க வழியில்லாமல் பண்ணைகள் தள்ளாடின. அந்தச் சமயத்தில், மரிகாவிடம் வேலை கற்ற கிறிஸ்பன் சக்கன்யுகா என்ற சிற்பி 1966இல் டெங்கெனெங்கேக்கு வந்து, உங்கள் நிலத்துக்கு அடியில் அருமையான கல் கிடக்கிறதே என்று பிளோம்ஃபீல்டிடம் சொன்னார். புகையிலை போன இடத்தில் கல் வந்தது அப்படித்தான். ஐ.நா. தடை இல்லாவிட்டால் ஹென்ரி என்ற சிற்பி இருந்திருப்பாரா என்பது சந்தேகம். கலை வரலாற்றில் இப்படிப்பட்ட காரணங்களை யாரும் விரும்பிச் சொல்வதில்லை.

அங்கே ஏன் அவ்வளவு கல் என்றால், ஜிம்பாப்வேயின் நடுவில் வடக்குத் தெற்காக சுமார் 550 கிலோமீட்டர் நீளத்துக்கு கிரேட் டைக் என்ற ஒரு பாறைத்தொடர் ஓடுகிறது. வயது ஏறக்குறைய 250 கோடி வருடம். குரோமியம், பிளாட்டினம் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். இரும்பும் மக்னீசியமும் நிறைந்த பாறை, பூமிக்குள் தண்ணீரோடு சேர்ந்து காலப்போக்கில் சர்பென்டைன் என்ற கல்லாக மாறுகிறது. மாக்கல்லைவிடக் கடினம், கிரானைட்டைவிட மெது. அதாவது கையுளிக்கு இடம் கொடுக்கும், ஆனால் நகம் பட்டால் கீறாது. டெங்கெனெங்கே இந்தத் தொடரின் வட கோடியில் இருக்கிறது.

1967இல் ஹென்ரிக்கு வேலை போயிருந்தது, வீட்டில் பெரிய குடும்பம். வேலை தேடி அலைந்தபோது டெங்கெனெங்கே பக்கம் கல் கொத்தும் சத்தம் கேட்டு உள்ளே போனார் என்று சொல்வார்கள். பிளோம்ஃபீல்ட் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. கருவியும் கல்லும் கொடுப்பார், சாப்பாட்டுக்கு வழி செய்வார், விற்றால் தன் பங்கை எடுத்துக்கொள்வார். கருவியைக் கையில் வாங்கிய ஹென்ரிக்குச் சுத்தியல் புதிதில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்துப் பழகியவருக்கு, எங்கே அடித்தால் எவ்வளவு விலகும் என்ற கணக்குக் கையில் இருக்கும். மற்றவர்கள் கல்லை உடைத்து உடைத்துக் கற்றதை அவர் பாதி தெரிந்தே ஆரம்பித்தார் என்பது என் எண்ணம்.

இப்போது அவருடைய வேலையைப் பார்ப்போம். ஹென்ரி கல்லை அதிகம் குடைய மாட்டார். கிடைத்த கல் இலை மாதிரி இருந்தால் அந்த இலை வடிவம் அப்படியே நிற்கும், அதன் மேல் ஒரு முகம் வரும். உருண்டையாக இருந்தால் நிலாவாகும், அதற்கும் முகம். கன்றுக்குட்டி, பறவை, காற்று, ஆவி, எதுவானாலும் முகம் ஒன்றுதான்: நேராகப் பார்க்கும் வட்டக் கண்கள், நெற்றியிலிருந்து இறங்கும் நேர்க்கோடு, வாய்க்கு ஒரு சின்ன வெட்டு. சில சமயம் வாயே இருக்காது. பெரும்பாலும் முன்பக்கம் பார்க்கத்தான் செய்தவை. சுற்றி வந்து பார்த்தால் பின்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது. அதே பண்ணையில் வேலை செய்த பெர்னார்ட் மட்டெமேராவைப் பாருங்கள், நேர் எதிர். ஆள் உயரத்துக்கும் மேலே, வீங்கிய தலையும் தடித்த உடம்பும் மூன்று விரல் பாதமும் கொண்ட பூதாகாரமான உருவங்கள். இவரும் குருவேக்காரர்தான், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர், வளர்ந்த சூழலும் ஏறக்குறைய அதே. 1986இல் டெல்லியில் நடந்த டிரைனாலே கண்காட்சியில் பரிசு வாங்கியவர். ஒரே ஊர், ஒரே கல், ஒரே நம்பிக்கைகள், ஆனால் இரண்டு பேரின் சிற்பத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு கண்டத்திலிருந்து வந்தவை போலிருக்கும். ‘மண்ணின் மரபு அவர்கள் கை வழியே பேசியது’ என்ற வாதம் இங்கேயே நொண்டுகிறது.

மேற்கத்திய விமர்சகர்கள் ஹென்ரியைப் பார்த்ததும் ஐரோப்பிய ஓவியர் பால் கிளேயின் பெயரை இழுத்தார்கள். கோடும் வட்டமும் கொண்டு முகம் போடுவதில் ஒற்றுமை தெரிவது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடம் போகாத ஒரு புகையிலைத் தொழிலாளி கிளேயின் ஓவியத்தைப் பார்த்திருக்க வழியில்லை. சொல்லப்போனால் கிளே, பிக்காசோ தலைமுறைதான் ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்துத் தங்கள் பாணியை மாற்றிக்கொண்டது. அப்புறம் ஆப்பிரிக்காக்காரர் ஒருவர் எளிமையாகச் செதுக்கினால், ஐரோப்பியர் மாதிரி இருக்கிறதே என்று வியப்பது என்ன நியாயமோ.

சரி, அவருக்கு உந்துதல் எங்கிருந்து வந்தது?

ஒரு பங்கு நிச்சயமாக ஷோனா மக்களின் நம்பிக்கையிலிருந்து. அதில் முவாரி என்ற உயர்ந்த கடவுள் உண்டு, ஆனால் அன்றாட வாழ்க்கையில் பேசுவது வட்ஸிமு எனப்படும் முன்னோர் ஆவிகளோடுதான். ஒரு வீட்டில் நோய் வந்தாலோ மழை பொய்த்தாலோ, யாரை நாம் மறந்தோம் என்று கேட்பார்கள். குருவேயும் அதற்கு வடக்கே உள்ள டாண்டே பகுதியும் இதில் இன்னும் ஆழம். அங்கே பழைய அரசர்களின் ஆவிகளுக்கு ம்ஹொண்டோரோ என்று பெயர். சிங்கம் என்று பொருள். அவை மனிதர்கள் மேல் இறங்கிப் பேசும், நிலமும் மழையும் அவற்றின் பொறுப்பு. 1970களின் விடுதலைப் போரில் கெரில்லாக்கள் இந்த ஆவி இறங்குவோரின் ஆதரவைத் தேடிப் போனார்கள் என்றால் அவர்களுக்கு ஊரில் இருந்த செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். இதற்கு மேல் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு குலக்குறியாக உண்டு. அதன் இறைச்சியைத் தொடக்கூடாது, தின்றால் பல் விழும் என்பார்கள். மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே சுவர் இல்லாத இந்த உலகத்தில் வளர்ந்தவர், நிலாவுக்கும் கன்றுக்கும் ஒரே முகத்தை வைத்தால் அதில் புதிர் எதுவும் இல்லை. கனவுக் காட்சி போல வரையும் ஐரோப்பியப் பாணியான சர்ரியலிசத்தின் பெயரை அதற்கு வைக்க வேண்டியதும் இல்லை.

இன்னொரு பங்கு அவர் செய்த வேலைகள். இது என் ஊகம், ஆனால் சிற்பங்களைப் பார்க்கப் பார்க்க வலுப்படும் ஊகம். புகையிலை தரம் பிரிக்கிறவர் நாள் முழுக்க இலையைக் கையில் எடுத்து நிறம், தடிமன், நீளம், பழுது பார்த்துப் பிரித்துப் போடுவார். ஹென்ரியின் சிற்பங்களில் இலை வடிவம் அவ்வளவு திரும்பத் திரும்ப வருவதும், நடு நரம்பு போல ஒரு கோடு முகத்தை இரண்டாகப் பிரிப்பதும் எனக்குத் தற்செயலாகப் படவில்லை. மாடு மேய்த்த பையனுக்குக் கன்றின் நெற்றி எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருக்காது. அவர் கன்றுத் தலைகளில் வரிகள் குறைவு, ஆனால் அது ஆடு இல்லை, கன்றுதான் என்று பார்த்தவுடன் தெரியும்.

மூன்றாவது, பக்கத்தில் உட்கார்ந்து செதுக்கியவர்கள். ஷோனா சிற்பம் என்ற பெயர் உலகச் சந்தையில் நிலைத்துவிட்டது, ஆனால் டெங்கெனெங்கேயில் பாதிப் பேர் ஷோனாவே இல்லை. புகையிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்கள். லெமன் மோசஸ் மலாவியிலிருந்து வந்த யாவோ இனத்தவர். மக்கினா கமேயா அங்கோலாவிலிருந்து வந்தவர், அவர் ஊரில் முகமூடிச் சடங்குகள் பிரபலம். ஃபனிஸானி அகுடா ஸாம்பியாக்காரர். முதலில் கல் வெட்டியெடுக்கும் ஆளாகத்தான் சேர்ந்தார். அவர் செதுக்கிய மனிதர்கள் எல்லாரும் கண்ணை இடுக்கிச் சிரிப்பார்கள், கல் கொத்தும்போது துகள் தெறிக்காமல் கண்ணைச் சுருக்குவது மாதிரி. இரவானால் செவா மக்களின் முகமூடி ஆட்டம் நடக்கும். இவ்வளவு பேரும் ஒரே வெட்டவெளியில் செதுக்கி, செய்ததை அங்கேயே மரத்தடியில் வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். ஹென்ரி எதைப் பார்த்துக் கற்றார் என்றால், பெரும்பாலும் இவர்களைத்தான். அவரிடமிருந்தும் பிறர் கற்றார்கள். உறவுக்காரர் எட்வர்ட் சிவாவா அப்படி வந்தவர். அவருடைய வட்ட முகங்களில் ஹென்ரியின் சாயல் தெளிவாக இருக்கும்.

இனி, அந்த ‘கல்லுக்குள் ஆவி’ விஷயம்.

ஷோனா மரபில் புனிதமான மலை உண்டு, குகை உண்டு, நீர்நிலை உண்டு. ஆனால் வெட்டியெடுத்த ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஒரு ஆவி குடியிருந்து, தன்னை விடுவிக்கச் சொல்லிச் சிற்பியைக் கூப்பிடுகிறது என்பது கிராமத்து நம்பிக்கை அல்ல. அது கலைக்கூடத்தில் பிறந்த பேச்சு. மெக்யூவனுக்கு ஒரு கொள்கை இருந்தது: கலைஞனுக்கு எதையும் கற்றுத் தரக்கூடாது, உள்ளே இருப்பது தானே வெளியே வரும். அது பாரிஸில் அவர் பிடித்துக்கொண்டது. அதை ஷோனா ஆன்மிகத்தோடு முடிச்சுப் போட்டு 1971இல் பாரிஸின் ரோதான் அருங்காட்சியகத்திலும் 1972இல் லண்டனிலும் கண்காட்சி வைத்தபோது ஐரோப்பியர்கள் மயங்கினார்கள். வாங்க வருகிறவருக்கு ஆவிக் கதை பிடிக்கிறது என்றால் வியாபாரி அதைச் சொல்லாமல் விடுவாரா? சிற்பிகளும் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பத்து வாய்க்குச் சோறு போட வேண்டியவர், கேட்கிறவர் விரும்பும் தலைப்பை வைப்பதில் தப்பு என்ன?

அதற்காக எல்லாமே பொய் என்றும் தள்ளிவிட முடியாது. கல்தான் பாதி முடிவெடுக்கிறது என்பது தொழில் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்வது. கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் நல்ல கல், மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். ஸ்பிரிங்ஸ்டோன் என்ற கரிய கல்லுக்கு மேலே துருப்பிடித்த மாதிரிச் செம்பழுப்புத் தோல் இருக்கும். அதை எங்கே விட்டுவைப்பது, எங்கே உரித்து உள்ளிருக்கும் கருப்பைக் காட்டுவது என்பதுதான் சிற்பமே. ஹென்ரி மாதிரிக் கல்லின் வடிவத்தை மாற்றாமல் வேலை செய்கிறவருக்கு, கல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம்தான் உண்மையான வேலை நேரம். அந்த நேரத்தில் மனதில் நடப்பதைக் கனவு என்றும் முன்னோர் காட்டியது என்றும் ஒருவர் சொன்னால், அவர் தெரிந்த சொல்லில் அதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

செதுக்கிய பிறகு நடப்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் நீங்கள் பார்த்த அந்தக் கரும்பளபளப்பு கல்லின் இயல்பான நிறம் இல்லை. அரத்தால் தேய்த்து, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் முரட்டுத்தாளிலிருந்து மென்தாள் வரை படிப்படியாக இழைப்பார்கள். அது வீட்டாரும் உதவியாளர்களும் சேர்ந்து செய்கிற வேலை. பிறகு சிற்பத்தைச் சுற்றி நெருப்பு மூட்டிச் சூடாக்கி, சூட்டோடு மெழுகு பூசுவார்கள். மெழுகு உள்ளே இறங்கும்போது நிறம் ஆழமாகும். மெழுகு படாத இடம் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். ஹென்ரியின் கோடுகள் வெளிறித் தெரிவது இதனால்தான். பளபளப்பான பரப்பில் கீறிய கோடு, கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டிக் கோடு போல நிற்கிறது.

வாழ்க்கையின் மீதிப் பகுதி சுருக்கமாக. 1970களின் நடுவில் ஹென்ரி டெங்கெனெங்கேயை விட்டுத் தனியாக வந்துவிட்டார். போர் வட பகுதியைப் பிடித்திருந்த காலம் அது. வேறு பலரும் கிளம்பினார்கள். நாடு 1980 ஏப்ரலில் விடுதலை பெற்றது. பிறகு தலைநகருக்குக் கிழக்கே ரூவாவில் சொந்தமாக ஒரு பண்ணை வாங்கினார். இது சாதாரணச் செய்தி மாதிரித் தெரியும். 1930இன் நிலப் பங்கீட்டுச் சட்டம் நல்ல நிலத்தையெல்லாம் வெள்ளையருக்கு ஒதுக்கியது. அங்கே ஒரு கறுப்பினத்தவர் கூலியாக இருக்கலாம், உரிமையாளராக முடியாது. ஒரு காலத்தில் பண்ணையில் இலை பொறுக்கியவர் கல் விற்ற காசில் பண்ணை வாங்கியது, என்னைப் பொறுத்தவரை அவர் வென்ற எந்தக் கண்காட்சிக்கும் குறைந்ததில்லை. 1990இல் வெனிஸ் பியன்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐந்து கலைஞர்களைக் காட்டினார்கள். நைஜீரியாவின் புரூஸ் ஒனோபிராக்பேயா, கானாவின் எல் அனட்சுயி, மூன்று ஜிம்பாப்வே சிற்பிகள்: டப்ஃபூமா குட்ஸா, நிக்கலஸ் முக்கோம்பெரன்வா, ஹென்ரி. முக்கோம்பெரன்வா போலீஸ்காரராக இருந்தவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கடைசியாக, நீங்கள் வாங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால்: ஓரத்தில் ‘ஹென்ரி’ என்று வெட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஜிம்பாப்வே சிற்பிகளில் அதிகம் நகலெடுக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர். வட்டமும் கோடும் யாரும் போடலாம், பெயரையும் யாரும் வெட்டலாம். இந்தச் சிற்பம் எந்த வருடம், எந்தக் கூடத்திலிருந்து, யார் கைக்குப் போனது என்ற கைமாற்று விவரத்தை ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 1970களின், 80களின் கண்காட்சிப் பட்டியலில் அதே சிற்பத்தின் படம் இருந்தால் கவலையில்லை. பிறகு கண்ணைப் பாருங்கள். போலியில் இரண்டு வட்டமும் அளந்து போட்டதுபோல ஒரே அளவில் இருக்கும், கல் முழுக்க ஒரே சீராக வழவழப்பாக்கியிருக்கும். ஹென்ரியுடையதில் வட்டம் கல்லின் வளைவுக்கேற்பச் சற்றுச் சாய்ந்திருக்கும்.